ஃபுளோரிடா வீட்டுச் சுவரில் புதுக் கதவு, புது ஜன்னல்: எந்த வழி உங்களுக்குச் சரி?

ஊரில் என்றால் மேஸ்திரியைக் கூப்பிட்டு, "இங்கே ஒரு ஜன்னல் வேணும்" என்று சுவரில் கோடு போட்டுக் காட்டினால் போதும். இரண்டு நாளில் சுவர் உடைந்து நிலை நின்றுவிடும். அதே நினைப்போடு ஃபுளோரிடாவில் வீடு வாங்குகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்றது) கட்டட அலுவலகத்தில்தான். ஹாலிலிருந்து பின்முற்றத்துக்கு நேராக ஒரு கதவு, இருட்டான படுக்கையறைக்கு இன்னொரு ஜன்னல். கேட்பதற்குச் சின்ன ஆசைதான். ஆனால் இங்கே வெளிச்சுவரில் எதைத் திறந்தாலும் சூறாவளிக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும்.

இந்த முடிவுக்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. சுவரை எவ்வளவு வெட்டுவது? வெட்டிய இடத்தை எதைக்கொண்டு காப்பது? பெர்மிட்டை யார் பெயரில் எடுப்பது? பலரும் இரண்டாவது கேள்வியில் ஆரம்பிக்கிறார்கள். வீடு தேடி வரும் கண்ணாடி விற்பனையாளர்கள் அதில்தான் ஆரம்பிக்க வைக்கிறார்கள். என்னைக் கேட்டால், செலவையும் காலத்தையும் தீர்மானிப்பது முதல் கேள்விதான். அதில் என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கதவு வேண்டுமென்றால், ஏற்கெனவே இருக்கும் ஒரு ஜன்னலை அதே அகலத்தில் தரைவரை இறக்கிக் கதவாக்குவதே பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும். வெற்றுச் சுவரைத் துளைப்பது அதற்கு இடமே இல்லாதபோது மட்டும்.

அதற்கு முன் இந்தக் கெடுபிடி எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 1992 ஆகஸ்ட் 24 அன்று ஆண்ட்ரூ சூறாவளி மயாமிக்குத் தெற்கே, ஹோம்ஸ்டெட் பக்கம் கரையேறியது. வரிசை வரிசையாக வீடுகள் கூரையிழந்து நின்றன. ஆராய்ந்தவர்கள் கண்ட காரணங்களில் முக்கியமானது, காற்று கூரையை வெளியிலிருந்து மட்டும் பிய்க்கவில்லை என்பது. பறந்து வந்த ஓடோ மரத்துண்டோ ஒரு ஜன்னலை உடைக்கிறது, அல்லது காரேஜ் கதவு உள்வாங்குகிறது. அந்த வழியாகக் காற்று உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்து தள்ளுகிறது. மேலே ஓடும் காற்று அதே நேரத்தில் கூரையை உறிஞ்சி இழுக்கிறது. எதிர்க்காற்றில் குடை மடங்குவது போல இரண்டும் சேர்ந்து கூரையைக் கழற்றிவிடும். ஆக, இங்கே ஜன்னல் என்பது கூரையைப் பிடித்து வைத்திருக்கும் அமைப்பில் ஒரு பகுதி. இதைப் புரிந்துகொண்டால் பெர்மிட் அலுவலகம் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசி புரிந்துவிடும்.

ஆண்ட்ரூவுக்குப் பிறகு தென் ஃபுளோரிடாவில் விதிகள் இறுகின. 2002 மார்ச் 1 முதல் மாநிலம் முழுவதற்கும் ஒரே கட்டட விதித்தொகுப்பு வந்தது. அதன் எட்டாம் பதிப்பு 2023 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்தது. இதிலும் எல்லா ஊரும் ஒன்றல்ல. மயாமி-டேட், புரோவர்ட் ஆகிய இரண்டு கவுண்டிகளும் அதிவேகச் சூறாவளி மண்டலம். சாதாரண வீடுகளுக்கே மயாமி-டேடில் மணிக்கு 175 மைல், புரோவர்டில் 170 மைல் காற்றைத் தாங்கும்படி கணக்குப் போட வேண்டும். அடுத்தது, பொருள்கள் பறந்து வந்து மோதும் ஆபத்துள்ள பகுதி. கணக்கில் எடுக்க வேண்டிய காற்று 140 மைல் அல்லது அதற்கு மேல் உள்ள இடங்களும், 130 மைல் என்றாலும் கடலோரத்திலிருந்து ஒரு மைலுக்குள் இருக்கும் இடங்கள் பலவும் இதில் சேரும். இந்த இரண்டிலும் சேராத உள்நாட்டு இடங்களில் கண்ணாடிக்கு மோதல் பாதுகாப்பு கட்டாயமில்லை, ஆனால் காற்றழுத்தக் கணக்கு உண்டு. ஒரே கவுண்டிக்குள் கோடு குறுக்கே ஓடுவதும் உண்டு. "பக்கத்துத் தெரு நண்பர் சாதாரணக் கண்ணாடிதான் போட்டார்" என்பதெல்லாம் செல்லாது. உங்கள் முகவரியைக் கொடுத்துக் கட்டட அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள், காசு கேட்க மாட்டார்கள்.

சுவரை எவ்வளவு வெட்டுவது?

முதல் வழி, இருக்கிற துளையை அப்படியே விட்டு ஜன்னலை மட்டும் மாற்றுவது. இதற்கும் பெர்மிட் வேண்டும். மாற்றுவதற்கு எதற்குப் பெர்மிட் என்று நினைத்து மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம். ஆனால் காகிதம் குறைவு. விண்ணப்பம், எந்த ஜன்னல் எங்கே என்று காட்டும் ஒரு படம், அந்தத் தயாரிப்பின் ஒப்புதல் ஆவணம், காற்றழுத்த எண்கள், இவ்வளவுதான். பழைய வீடுகளுக்கு ஒரு சலுகையும் இருக்கிறது. 12 மாதத்துக்குள் மாற்றும் கண்ணாடி, வீட்டின் மொத்தக் கண்ணாடிப் பரப்பில் 25 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் மோதல் பாதுகாப்பிலிருந்து விலக்குக் கேட்கலாம். உடைந்த ஒன்றிரண்டு ஜன்னலை மாற்றுபவருக்கு இது உதவும். புதிதாக வெட்டும் துளைக்கு இந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள்.

இருட்டுதான் பிரச்சினை என்றால் இந்த முதல் வழியே போதுமா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். பழைய வீடுகளில் சிறு சிறு சில்லுகளாக மடித்துத் திறக்கும் அலுமினிய ஜன்னல்கள் இருக்கும். அதை எடுத்துவிட்டு ஒரே கண்ணாடியாகப் போட்டாலே அறை மாறிவிடும். படுக்கையறை என்றால் தீ விபத்தில் ஏறித் தப்பிக்கும் அளவுக்கு ஜன்னல் திறக்க வேண்டும் என்ற விதியை மட்டும் மறக்கக் கூடாது. புது ஜன்னலுக்குத் திறந்த பரப்பு 5.7 சதுர அடி (தரையையொட்டிய தளத்தில் 5), அகலம் குறைந்தது 20 அங்குலம், உயரம் 24 அங்குலம், அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. பறந்து வரும் பொருள் மோதினாலும் தாங்கும் இம்பாக்ட் ஜன்னல்களின் சட்டம் (ஃபிரேம்) தடிமனானது. வெளி அளவைப் பார்த்து வாங்கினால் திறக்கும் அளவு குறைந்துபோகும்.

இரண்டாவது வழி நான் மேலே சொன்னது. ஜன்னலின் அகலம் மாறாமல், கீழே உள்ள சுவரை மட்டும் அறுத்தெடுத்துக் கதவு வைப்பது. தென், மத்திய ஃபுளோரிடாவில் பெரும்பாலான வீடுகள் ஹாலோ பிளாக் சுவர்தான். ஜன்னலுக்கு மேலே லிண்டல், அதற்கும் மேலே சுவரைச் சுற்றி ஓடும் கான்கிரீட் பீம். கூரையின் பாரம் அங்கே இறங்கி, ஜன்னலின் இரு பக்கமும் உள்ள சுவர் வழியாக அஸ்திவாரத்துக்குப் போகிறது. ஜன்னலுக்குக் கீழே இருக்கும் சுவர் கூரைப் பாரத்தைச் சுமப்பதில்லை. அதை எடுத்தால் லிண்டலைத் தொட வேண்டியதில்லை, பீமைத் தொட வேண்டியதில்லை. பக்கச் சுவர்க் குழிகளில் கம்பியும் கான்கிரீட்டும் இருக்கிறதா என்பதுதான் மீதிக் கேள்வி. பல பழைய வீடுகளில் இருக்காது, அப்போது அதைச் சேர்க்க வேண்டி வரும். துளையின் அளவு மாறினாலே பொறியாளர் கையொப்பமிட்ட படம் வேண்டும் என்று கேட்கும் அலுவலகங்கள் உண்டு. பொறியாளருக்கும் இது சின்ன வேலை, அவர் கேட்கும் தொகையும் அதற்கேற்றபடிதான் இருக்கும்.

இந்த வழியில் செலவு கூடுவது எதிர்பாராத மூலைகளில்தான். தரைமட்டத்துக்கு வழி திறக்கும் வெளிக்கதவு என்றால் வெளியே ஒரு விளக்கும் அதற்கு உள்ளே ஒரு ஸ்விட்சும் வேண்டும். ஜன்னலுக்குக் கீழே பிளக் பாயிண்ட் இருந்தால் அதையும் நகர்த்த வேண்டும். எனவே எலக்ட்ரிக்கல் பெர்மிட்டும் சேர்ந்துகொள்ளும். கதவுக்கு வெளியே கால் வைத்து நிற்க ஒரு தளம் வேண்டும், அதுவும் வீட்டுத் தரையைவிடச் சற்றுத் தாழ்வாக, தண்ணீர் வெளிப்பக்கம் ஓடும்படி. பின்னால் நீச்சல் குளம் இருக்கிறதா? அதற்குத் தனி வேலியோ அங்கீகரிக்கப்பட்ட மூடியோ இல்லாவிட்டால், வீட்டிலிருந்து குளத்துப் பக்கம் திறக்கும் கதவில் 10 அடி தூரத்தில் 85 டெசிபல் கேட்கும் அலாரம் வைக்க வேண்டும், அல்லது 54 அங்குலத்துக்குக் குறையாத உயரத்தில் தாழ்ப்பாள் உள்ள, தானே மூடிக்கொள்ளும் கதவு வேண்டும். குழந்தைகள் குளத்தில் தவறி விழுவதைத் தடுக்க வந்த மாநிலச் சட்டம் இது. கதவு விற்பவர் இதைச் சொல்வதில்லை. கடைசி இன்ஸ்பெக்ஷனில் இன்ஸ்பெக்டர்தான் சொல்வார்.

மூன்றாவது, வெற்றுச் சுவரில் புதுத் துளை. அல்லது இருக்கிற ஜன்னலை அகலமாக்குவது. பெர்மிட் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இங்கே கதையே வேறு. மேலே இருக்கும் பாரத்தைத் தற்காலிகமாகத் தாங்கி நிறுத்தி, பிளாக்கை அறுத்து, புது லிண்டல் ஏற்றி, இரு பக்கமும் குழிகளில் கம்பி இறக்கிக் கான்கிரீட் நிரப்ப வேண்டும். மரச் சட்டத்தாலான வீடு என்றால் துளைக்கு மேலே பாரம் தாங்கும் புது மர உத்தரம் (ஹெட்டர்), இருபுறமும் கூடுதல் மரத்தூண்கள், கூரையை அஸ்திவாரத்தோடு பிணைக்கும் உலோகப் பட்டைகள். சுவரின் வேலை பாரம் சுமப்பது மட்டுமல்ல. பக்கவாட்டுக் காற்றில் வீடு சாயாமல் பிடிப்பதும் துளையில்லாத நீளமான சுவர்த் துண்டுகள்தான். பன்னிரண்டு அடி அகலத்துக்கு ஸ்லைடிங் கதவு வைக்க ஆசைப்பட்டு, அந்தப் பக்கத்தின் ஒரே முழுச் சுவரை எடுத்துவிட்டால், பொறியாளர் வேறெங்காவது பலம் சேர்க்கச் சொல்வார். செலவு கதவின் விலையைத் தாண்டிப் போவது இப்படித்தான்.

இடமும் முக்கியம். வீட்டின் மூலைகளில் காற்றின் உறிஞ்சும் அழுத்தம் நடுச்சுவரைவிட அதிகம். விதியிலும் மூலையையொட்டிய சில அடிகளுக்குத் தனி எண் உண்டு. அதே ஜன்னல் நடுவில் வைத்தால் தேறும், மூலையில் வைத்தால் தேறாது என்பது சகஜம். புதுத் துளைதான் தீர்வு என்றால், மூலையிலிருந்து நகர்த்தி, முடிந்த அளவு குறுகலாக, நடுச்சுவரில் வையுங்கள். பெரிய ஒன்றைவிட இடைவெளி விட்ட இரண்டு குறுகிய ஜன்னல்கள் பெரும்பாலும் சுலபமாகத் தேறும். வெளிச்சமும் அறையில் நன்றாகப் பரவும்.

கதவிலேயே எந்த வகை? சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளிப்பக்கம் திறக்கும் ஒற்றைக் கதவைக் காற்று நிலையோடு சேர்த்து அழுத்துகிறது. அதனால் இறுக்கம் கூடும், தண்ணீரும் குறைவாகப் புகும். இரட்டைக் கதவு அழகு, ஆனால் நடுவில் இரண்டும் சேரும் இடம்தான் பலவீனம், மேலும் கீழும் தாழ்ப்பாள் சரியாக விழ வேண்டும். ஸ்லைடிங் கதவில் வெளிச்சம் அதிகம், பிரச்சினை அடிவாசலில். ஒப்புதலுக்கான தண்ணீர்ச் சோதனை அந்தக் கதவின் காற்றழுத்த எண்ணில் 15 சதவீத அழுத்தத்தில்தான் நடக்கிறது. நிஜச் சூறாவளியில் அதற்கு மேல் அழுத்தம் வரும், கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும். கண்ணாடி உடையவில்லை, தரை மட்டும் நனைந்தது என்று வருத்தப்படுகிறவர்கள் இதை முன்பே தெரிந்துகொண்டால் அடிவாசல் உயரமான மாடலைக் கேட்டு வாங்கியிருப்பார்கள்.

இம்பாக்ட் கண்ணாடியா, ஷட்டரா?

இம்பாக்ட் என்ற பெயரைப் பெற ஒரு ஜன்னல் கடக்க வேண்டிய சோதனை சுவாரஸ்யமானது. 9 பவுண்டு எடையுள்ள மரக்கட்டையை வினாடிக்கு 50 அடி வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 34 மைல் வேகத்தில், பீரங்கி போன்ற குழாயிலிருந்து கண்ணாடி மேல் எய்கிறார்கள். கண்ணாடி விரிசல் விடலாம், பெயர்ந்துவிடக் கூடாது. அதோடு விடுவதில்லை. விரிசல் விட்ட அதே ஜன்னலை ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை அழுத்தியும் உறிஞ்சியும் பார்க்கிறார்கள். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலம்தான் அதைப் பிடித்து வைக்கிறது. தேறியவற்றுக்கு மயாமி-டேட் கவுண்டி கொடுக்கும் சான்று என்.ஓ.ஏ.; மாநிலம் கொடுப்பது ஃபுளோரிடா ஒப்புதல் எண். அதிவேகச் சூறாவளி மண்டலத்தில் அந்த மண்டலத்துக்கென்று தேறிய பொருள் மட்டுமே செல்லும். மற்ற இடங்களில் மாநில எண் போதும். கடையில் "ஹரிகேன் ரேட்டட்" என்று ஒட்டியிருப்பதை நம்பாமல் அந்த எண்ணைக் கேளுங்கள்.

ஷட்டரும் இதே சோதனையைத் தேறியதுதான். சாதாரண ஜன்னலை வைத்து அதற்கு மேல் ஒப்புதல் பெற்ற ஷட்டர் போட்டாலும் விதி நிறைவேறும். ஷட்டருக்கும் தனியாகப் பெர்மிட் உண்டு. விலையில் கழற்றி மாட்டும் உலோகத் தகடுகள்தான் குறைவு. பக்கவாட்டில் மடிந்து விரியும் அக்கார்டியன் ஷட்டர் அதற்கு மேல். சுருட்டி இறக்கும் வகை இன்னும் மேல். இம்பாக்ட் கண்ணாடி பொதுவாக எல்லாவற்றையும்விட அதிகம். மயாமி-டேட், புரோவர்டுக்கு வெளியே, ஒன்றிரண்டு மாடி வீடுகளுக்கு, முன்கூட்டியே அளவெடுத்து அறுத்து, துளையிட்டு, பொருத்தும் ஆணிகளோடு தயாராக வைத்த 7/16 அங்குலப் பிளைவுட்டையும் விதி ஏற்கிறது. ஏற்கிறது என்பதற்காக அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். புயல் எச்சரிக்கை வந்த பிறகு ஏணியில் ஏறி ஒரு ஆள் உயரப் பலகையைத் தூக்கிப் பிடிப்பது எல்லோராலும் முடிகிற காரியமல்ல.

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போவது ஜூன், ஜூலையில். சிலர் தீபாவளிக்கு அக்டோபரில். 2017ல் இர்மா செப்டம்பரில் வந்தது, 2022ல் இயான் செப்டம்பர் கடைசியில், 2024ல் மில்டன் அக்டோபர் 9 அன்று. நீங்கள் மதுரையில் இருக்கும்போது கழற்றி மாட்டும் தகடுகளை மாட்டப்போவது யார்? போவதற்கு முன்பே மாட்டிவிட்டுப் போகலாம்தான். மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும் வீடு, ஆள் இல்லை என்று தெருவுக்கே சொல்லிவிடும். வருடா வருடம் ஊருக்குப் போகிற குடும்பத்துக்கு நான் இம்பாக்ட் கண்ணாடியைத்தான் சொல்வேன். அது எப்போதும் தயார். பணம் இடித்தால் அக்கார்டியன். இழுத்துப் பூட்ட பக்கத்து வீட்டுக்காரருக்குச் சாவி கொடுத்தால் போதும். எப்போதும் வீட்டில் இருப்பவர், கைப்பலம் உள்ளவர், ஒன்றிரண்டு ஜன்னல்தான் என்றால் தகடுகள் நல்ல பேரம். ஷட்டர் மூடிய வீட்டுக்குள் இரவில் தங்குபவர்கள் உள்ளிருந்தே திறக்கக்கூடிய ஒன்றாவது படுக்கையறையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் இன்சூரன்ஸ். ஃபுளோரிடாவில் காற்றுப் பாதுகாப்பு ஆய்வுப் படிவம் ஒன்று இருக்கிறது, ஓ.ஐ.ஆர்-பி1-1802 என்று பெயர். அதில் கடைசிக் கேள்வி ஜன்னல், கதவுகளின் பாதுகாப்பு. வீட்டின் மிகப் பலவீனமான துளை எதுவோ, அதுவே முழு வீட்டின் தரமாக எழுதப்படும். பதினான்கு ஜன்னலுக்கும் இம்பாக்ட் கண்ணாடி போட்டு பிரீமியத்தில் சலுகை வாங்கிக்கொண்டிருக்கும் வீட்டில், பதினைந்தாவதாகப் பாதுகாப்பில்லாத ஒரு சிறு ஜன்னலைச் சேர்த்தால் அந்தச் சலுகையே போய்விடும். மோதல் பாதுகாப்பு கட்டாயமில்லாத உள்நாட்டு ஊரில் இருப்பவர்கள்தான் இதில் சறுக்குகிறார்கள். விதி கேட்கவில்லை என்று சாதாரணக் கண்ணாடி போட்டுவிட்டு, அடுத்த பிரீமியம் வரும்போது விழிக்கிறார்கள். மறுபக்கமும் உண்டு: வீட்டில் வேறெந்த ஜன்னலுக்கும் பாதுகாப்பு இல்லையென்றால், புதிதாக வைக்கும் ஒன்றுக்கு மட்டும் இம்பாக்ட் போடுவதால் பிரீமியம் குறையாது.

மாநில அரசின் "மை சேஃப் ஃபுளோரிடா ஹோம்" திட்டத்தை நம்பிக் கணக்குப் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்காரர் போடும் ஒவ்வொரு டாலருக்கும் இரண்டு டாலர், அதிகபட்சம் 10,000 டாலர் வரை தருகிறது. குறைந்த வருமானக்காரர்களுக்கு விதி இன்னும் தளர்வு, முன்னுரிமையும் அவர்களுக்கு. நீங்கள் குடியிருக்கும் சொந்த வீடாக இருக்க வேண்டும். முதல் கட்டட பெர்மிட் 2008 ஜனவரி 1க்கு முன் விண்ணப்பித்ததாக இருக்க வேண்டும். ஒப்புதல் வருவதற்கு முன் ஆரம்பித்த வேலைக்குப் பணம் கிடையாது. சட்டசபை நிதி ஒதுக்கும்போது திறக்கும், தீர்ந்ததும் மூடும். இது இருக்கிற துளைகளைப் பலப்படுத்தத்தான், புதிதாக வெட்டுவதற்கல்ல. எனவே மற்ற ஜன்னல்களை இதில் முடித்துக்கொண்டு புதுக் கதவைச் சொந்தச் செலவில் வைப்பது என்று பிரித்துக்கொள்ளலாம், வரிசையைக் குழப்பாமல் இருந்தால்.

பெர்மிட் யார் பெயரில்?

ஃபுளோரிடா சட்டம் வீட்டுக்காரரே கான்ட்ராக்டராக இருந்து பெர்மிட் எடுக்க அனுமதிக்கிறது. தான் குடியிருக்கும் வீடாக இருக்க வேண்டும், வேலையை நேரடியாக மேற்பார்வை பார்க்க வேண்டும், முடிந்து ஓராண்டுக்குள் விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. இதையெல்லாம் புரிந்துகொண்டதாகக் கையெழுத்து வாங்குகிறார்கள். இன்னொரு வரியும் அதில் இருக்கும்: லைசென்ஸ் இல்லாதவரைக் கான்ட்ராக்டராக அமர்த்தக் கூடாது. வேலையாள் யாராவது அடிபட்டால் பொறுப்பு உங்களுடையது.

கையில் தொழில் உள்ளவருக்கு, இருக்கிற துளையில் ஜன்னல் மாற்றும் அளவு வேலைக்கு, இந்த வழி நியாயமானது. மற்றபடி எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. என்.ஓ.ஏ. ஆவணத்தில் எந்த திருகு, எவ்வளவு நீளம், மூலையிலிருந்து எத்தனை அங்குலம், பிளாக்குக்குள் எவ்வளவு ஆழம் என்று எல்லாமே படமாக இருக்கும். அதில் ஒன்று தவறினால் இன்ஸ்பெக்டர் தேறவிடமாட்டார். பெரும்பாலான ஊர்களில் ஜன்னல் சட்டத்தைச் சுற்றிப் பூசி மூடுவதற்கு முன் ஒரு இன்ஸ்பெக்ஷன், முடிந்தபின் ஒன்று. சுவரையே வெட்டும் மூன்றாவது வழிக்கு வீட்டுக்காரர் பெர்மிட் எடுப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

"பெர்மிட்டை நீங்களே உங்கள் பெயரில் எடுத்துவிடுங்கள் சார், விலை குறையும்" என்று கான்ட்ராக்டர் சொன்னால் அங்கேயே கும்பிடு போட்டுவிடுங்கள். ஒன்று அவரிடம் லைசென்ஸ் இல்லை, அல்லது அதை இந்த வேலைக்குப் பணயம் வைக்க அவருக்கு மனமில்லை. லைசென்ஸ் எண்ணை மாநிலத் தொழில் உரிமத் துறையின் இணையதளத்தில் ஒரு நிமிடத்தில் சரிபார்க்கலாம். சி.ஜி.சி., சி.பி.சி., சி.ஆர்.சி. என்ற எழுத்துகளில் ஆரம்பிப்பவை கட்டட வேலைக்கானவை. கண்ணாடி பொருத்துவதற்கு மட்டும் தனி உரிமம் வைத்திருப்பவர்களும் உண்டு; அவர்கள் ஜன்னல் மாற்றலாம், கட்டமைப்புச் சுவரை வெட்டுவதற்கு அவர்கள் உரிமம் போதுமா என்று கட்டட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முன்பணமாக ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கினால் 30 நாளுக்குள் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும், பெர்மிட் கிடைத்து 90 நாளுக்குள் வேலை தொடங்க வேண்டும் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. இது தெரிந்த வீட்டுக்காரரிடம் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

இன்னொரு காகிதம், வேலை தொடக்க அறிவிப்பு. நேரடி ஒப்பந்தம் 5,000 டாலருக்கு மேல் என்றால் கவுண்டி நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தில் இதைப் பதிவு செய்ய வேண்டும். கான்ட்ராக்டருக்கு முழுப் பணமும் கொடுத்த பிறகும், அவர் கண்ணாடிக் கம்பெனிக்குக் கொடுக்காமல் விட்டால் அந்தக் கம்பெனி தனக்கு வர வேண்டிய பாக்கிக்காக உங்கள் வீட்டின் மேல் பற்று (லீன்) போடலாம். ஒவ்வொரு தவணைக்கும் பொருள் கொடுத்தவர்களிடமிருந்து பற்று விடுவிப்புக் கடிதம் கேட்டு வாங்குவது அதற்குத்தான்.

பெர்மிட்டே இல்லாமல் செய்வதை ஒரு வழியாக எண்ணவே கூடாது. ஆனால் நண்பர்கள் கூட்டத்தில் இது எப்போதும் ஒரு வழியாகப் பேசப்படுவதால் அதையும் ஒப்பிட்டுவிடலாம். பின்முற்றத்துக் கதவை யார் பார்க்கப்போகிறார்கள் என்பது வாதம். விற்கும்போது பார்ப்பார்கள். பழைய படமும் புதுப் படமும் இணையத்திலேயே இருக்கின்றன, வாங்குபவர் தரப்பு பெர்மிட் பதிவுகளைத் தேடிப் பார்க்கும். பிறகு பெர்மிட் வாங்கலாம்தான்; பல ஊர்களில் கட்டணம் இரட்டிப்பு, அதைவிடக் கொடுமை, திருகுகளைக் காட்டப் பூச்சை உடைக்க வேண்டும். பொருத்திய கதவுக்கு ஒப்புதல் எண்ணே இல்லையென்றால் அதை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும்.

எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) உள்ள குடியிருப்பு என்றால் அவர்களின் ஒப்புதல் தனி. கவுண்டி கொடுத்துவிட்டது என்பதால் அவர்கள் கொடுக்க வேண்டியதில்லை. 2024ல் வந்த சட்டப்படி, புயல் பாதுகாப்புப் பொருள்களுக்கான அளவுகோலை எச்.ஓ.ஏ. வகுத்துவைக்க வேண்டும், அதற்கு உட்பட்டதை மறுக்கக் கூடாது. இம்பாக்ட் ஜன்னல் மாற்றுபவர்களுக்கு அது பலம். முகப்பில் புதிதாகத் துளை போடுவதற்கு அதைக் காட்டி வாதாட முடியும் என்று நான் நினைக்கவில்லை. கடலோர வெள்ள அபாயப் பகுதியில் தாழ்ந்த பழைய வீடு வைத்திருப்பவர்கள் மட்டும் இன்னொன்றைக் கேட்க வேண்டும்: சீரமைப்புச் செலவு கட்டடத்தின் சந்தை மதிப்பில் 50 சதவீதத்தை எட்டினால் வீட்டையே உயர்த்தச் சொல்லும் விதி. ஹெலீன், மில்டன் சூறாவளிகள் அடுத்தடுத்து வந்த பிறகு டாம்பா வளைகுடாப் பக்கம் இந்த 50 சதவீதம் வீட்டுக்கு வீடு பேச்சாகிவிட்டது. வெள்ளச் சேதத்தைச் சரிசெய்யும்போதே புதுக் கதவையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பவர்கள் மொத்தத் தொகையை முதலில் கூட்டிப் பார்க்க வேண்டும்.

காலக் கணக்கு: 7,500 சதுர அடிக்குக் குறைந்த தனி வீட்டுக்கு, விண்ணப்பம் முழுமையாக இருந்தால் 30 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது இப்போதைய மாநிலச் சட்டம். முழுமையாக இருந்தால் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒப்புதல் எண் ஒரு மாடலுக்கும் படம் இன்னொரு மாடலுக்கும் இருந்தால் திரும்பி வரும். இம்பாக்ட் கண்ணாடி ஆர்டர் கொடுத்துச் செய்து வருவது. அதற்கும் வாரக்கணக்கில் ஆகும், புயலுக்குப் பிந்தைய மாதங்களில் இன்னும் கூடும். ஆகவே டிசம்பரில் ஆரம்பியுங்கள். பெர்மிட் வருவதற்கு முன் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்க அவசரப்பட வேண்டாம், கட்டட அலுவலகம் அளவை மாற்றச் சொன்னால் அந்தக் கண்ணாடி யாருக்கும் உதவாது.

வேலை முடிந்ததும் கண்ணாடியில் இருக்கும் ஸ்டிக்கரைக் கிழித்துத் துடைக்க வீட்டில் எல்லோருக்கும் கை அரிக்கும். கடைசி இன்ஸ்பெக்ஷன் முடியும்வரை விடுங்கள். பொருளும் ஒப்புதல் எண்ணும் ஒன்றுதான் என்று இன்ஸ்பெக்டர் பார்ப்பது அதில்தான். 180 நாள் எந்த இன்ஸ்பெக்ஷனும் தேறாமல் கிடந்தால் பெர்மிட் காலாவதியாகலாம், அதனால் கான்ட்ராக்டருக்குக் கடைசித் தவணையைக் கவுண்டி இணையதளத்தில் பெர்மிட் "முடிந்தது" என்று மாறிய பிறகே கொடுங்கள். அதே வாரம் 1802 படிவத்துக்கு ஆய்வாளரை அழைத்து, புதுக் கதவையும் சேர்த்து எழுதி வாங்கி இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அந்தப் படிவம் 5 ஆண்டு வரை செல்லும்.